பத்தரை மணிக் கோடு

எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, மரத் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். மூன்றாம் வகுப்புக்கு நான் டீச்சர். ஆகவே இரண்டாம் வகுப்பு ஆசிரியரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை. மூன்று வருஷமாக அவர் பாடம் நடத்துவதை, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் நிதானம் சார். பொருத்தமான பெயர். நான் நாலு கணக்கு முடித்து ஐந்தாவதை ஆரம்பிக்கும்போதும் அந்தப் பக்கம் அவர் முதல் வரியில்தான் இருப்பார். ஒரு பிள்ளை கேள்வி கேட்டுவிட்டால் போதும், சாக்பீஸை வைத்துவிட்டு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். கேட்கிற எனக்குத்தான் இந்தப் பக்கம் பல் நறநறக்கும். எனக்குப் பொறுமை குறைவு. அதை நான் மறைத்ததும் இல்லை.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தார். பதினோரு வருஷம் ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதியவர். நாற்பது வயதில் தபால் வழியில் படித்து, பயிற்சி முடித்து ஆசிரியரானார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

"கூண்டுக்கு வெளியே நின்னு பிள்ளைங்க கேள்வி கேட்கும் டீச்சர். இந்த வண்டி எங்க போகுது, ஏன் லேட்டுன்னு. பதில் சொல்லிட்டே இருந்தேன். மேனேஜர் ஒரு நாள், உனக்கு எதுக்கு இந்த வேலை, போய் வாத்தியாரா இருன்னு திட்டினார். யோசிச்சுப் பார்த்தேன், சரியாத்தான் பட்டுச்சு."

திட்டைப் புத்திமதியாக எடுத்துக்கொள்கிற மனுஷர். அவரிடம் கோபப்படுவதே வீண்.

ஆனால் அவருடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குக் கல்வி அதிகாரி முன்னால் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துத் தேற வேண்டும். மூன்றே வாய்ப்புகள். முதல் வருஷம் ஒரு பையனின் கேள்விக்கே இருபத்தைந்து நிமிஷம் செலவாகிப் பாடம் பாதியில் நின்றது. இரண்டாவது வருஷம் ஜன்னலோரம் நின்றிருந்த அதிகாரியிடம், "சார், கொஞ்சம் நகருங்க, வெயிலை மறைக்கிறீங்க" என்று சொல்லிவிட்டார். அதிகாரி நகர்ந்தார். அவருடைய பேனாவும் நகர்ந்தது. மூன்றாவதிலும் கோட்டை விட்டால் வகுப்பறையை விட்டுவிட்டுப் பாடநூல் கிடங்குக்குப் போக வேண்டும். அங்கே புத்தகங்கள் இருக்கும், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

அவர் மனைவி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கிடங்குன்னா சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவாரு. இப்ப பாருங்க, பிள்ளைங்கள அனுப்பிட்டு, பெஞ்சோட பேசிட்டு வர்றாரு" என்றாள் என்னிடம். அவர் மட்டும் அந்தக் கிடங்கின் பெயரை எடுத்தாலே வாயை மூடிக்கொள்வார். பயம் என்று அவர் சொன்னதில்லை. கண்ணில் தெரிந்தது.

மூன்றாவது மாதிரி வகுப்புக்குக் கொடுத்த பாடம் குளிர்காலம். நல்ல குளிரில்தான் தேதியும் குறித்தார்கள். அதிகாரிக்கு முதலில் ஜலதோஷம், பிறகு ஒரு கூட்டம், பிறகு இன்னொரு கூட்டம். கடைசியில் அவர் வருவதாகச் சொன்னது கோடை விடுமுறைக்கு முந்திய வாரம். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம்.

"பாடத்தை மாத்திடலாமே" என்றேன் தலைமையாசிரியையிடம்.

"படிவத்துல குளிர்காலம்னு போட்டு அனுப்பியாச்சு. மாத்தணும்னா புதுப் படிவம் வாங்கணும். புதுப் படிவம் அடுத்த குளிர்காலத்துக்குத்தான் வரும்" என்றார் அவர்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. நிதானம் சார் தேறிவிட வேண்டும் என்று அவருக்கும் ஆசைதான். கடையிலிருந்து ஒரு படம் வாங்கி வந்து, அதில் பஞ்சு ஒட்டிப் பனி மனிதன் செய்தார். எங்கள் ஊரில் பனி விழுந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை, அது வேறு விஷயம். வெள்ளிக்கிழமை முழுக்க அவரே இரண்டாம் வகுப்பில் நின்று பிள்ளைகளுக்குப் பதில்களை மனப்பாடம் பண்ண வைத்தார். முதல் கேள்விக்குக் கம்பளி. இரண்டாவது கேள்விக்குச் சூடான பால். மூன்றாவதுக்குப் பகல் குறையும், இரவு நீளும். நிதானம் சார் ஓரமாக நின்று தலையாட்டினார். முகத்தில் மட்டும் சம்மதம் இல்லை.

சனிக்கிழமை பள்ளியைச் சுத்தம் செய்தோம். கூட்டிப் பெருக்கும் ஆயம்மாவுக்கு முழங்கால் வலி. சரி, இரண்டாம் வகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். உள்ளே போனால் தரை முழுக்க மெழுகுக் கலரில் கோடுகள். ஜன்னலடியிலிருந்து நடு அறை வரை சிவப்பு, பச்சை, ஊதா. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கோணல் எழுத்தில் ஒரு பிள்ளையின் பெயர்.

அந்தக் கோடுகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை தோறும் பத்தரை மணிக்கு அந்தப் பக்கம் பெஞ்சு கர்ரென்று இழுபடும். "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கூச்சல் எழும். பிறகு கைதட்டல். ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொள்வேன். ஒரு தடவை எட்டிப் பார்த்துக் கேட்டிருக்கலாம். கணக்கு டீச்சருக்கு இரண்டாம் வகுப்பில் கேட்க என்ன இருக்கிறது என்கிற மண்டைக்கனம்.

"டீச்சர், அதை அழிக்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு. நானே வருஷம் பூரா சுத்திச் சுத்தித்தான் கூட்டுறேன்" என்றாள் ஆயம்மா வாசலில் நின்று.

"அதிகாரி வர்றாரு ஆயம்மா. இந்தக் கிறுக்கலைப் பார்த்தா சாரோட கதை முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, இரண்டு மணி நேரம் தேய்த்தேன். ஒரு புள்ளி மிச்சமில்லை. இடுப்பு ஒடிந்தது. ஆனாலும் புண்ணியம் செய்துவிட்ட திருப்தி.

திங்கட்கிழமை காலையில் நிதானம் சார் அறைக்குள் வந்தார். தரையைப் பார்த்தார். கையிலிருந்த பையை மேஜையில் வைக்க மறந்து அப்படியே நின்றார்.

"நான்தான் சார் தேய்ச்சேன். பளபளன்னு இருக்கில்ல?"

"நல்லா இருக்கு டீச்சர்" என்றார்.

வெளியே வந்ததும் ஆயம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "அது வெயில் கோடு டீச்சர். திங்கக்கிழமை பத்தரைக்கு ஜன்னல் வெயில் எதுவரைக்கும் வருதோ அங்க ஒரு பிள்ளை கோடு போடும். ஸ்கூல் திறந்தப்போ ஜன்னலடியில இருந்துச்சு. குளிர் வர வர உள்ள வந்து, சார் மேஜைக் கால் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போச்சு. இன்னிக்கு அதை வச்சுத்தான் பாடம் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டிருந்தாரு."

ஒரு வருஷத்து வேலை. முப்பத்திரண்டு பிள்ளைகளின் கோடு. வண்டி வந்த நேரத்தைக் குறிக்கிற மாதிரி அந்த மனுஷர் குளிர்காலத்தையே குறித்து வைத்திருக்கிறார், நான் சோடா போட்டுக் கழுவிவிட்டேன். அவரிடம் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். அதற்குள் வாசலில் அதிகாரியின் ஜீப் வந்து நின்றுவிட்டது.

மூன்றாம் வகுப்புக்கு ஐம்பது பெருக்கல் கணக்கு எழுதிப்போட்டுவிட்டு, தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்தேன். ஆசிரியை செய்கிற காரியம் இல்லைதான். என்னால் உட்கார முடியவில்லை.

பத்து மணிக்கே மின்சாரம் போயிருந்தது. போன வருஷம் வந்த அதே அதிகாரி. காற்றுக்காக நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிதானம் சார் படத்தைக் காட்டிப் பனி மனிதனைப் பற்றி ஆரம்பித்தார். அவர் குரலிலேயே அவருக்கு நம்பிக்கை இல்லை. புழுக்கத்தில் பசை இளகி, பனி மனிதனின் தலை தொப்பென்று விழுந்தது. ஒரு பையன் எடுத்துக் கொடுத்தான்.

அதிகாரி தானே கேட்க ஆரம்பித்தார். அங்கேதான் வினை. அவருக்கு வெள்ளிக்கிழமை வரிசை தெரியாது.

"குளிர்காலத்துல பகல் எப்படி இருக்கும்?"

"கம்பளி!" என்றது வகுப்பு, ஒரே குரலில், வியர்வை வழிய வழிய.

"ராத்திரி?"

"சூடான பால்!"

அதிகாரி பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். நிதானம் சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். கிடங்கு அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. நானே உள்ளே போய், கோட்டை அழித்தவள் நான்தான் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன்.

அப்போது கேள்விக்குறி எழுந்தாள். வாயைத் திறந்தாலே ஏன், எதுக்கு என்று ஆரம்பிப்பதால் ஆசிரியர் அறையில் நாங்கள் அந்தப் பெண்ணுக்கு வைத்திருந்த பெயர் அது.

"சார், கோடெல்லாம் எங்க சார்?"

"அழிஞ்சிடுச்சும்மா" என்றார் நிதானம் சார். யார் அழித்தது என்று சொல்லவில்லை.

"என்ன கோடு?" என்றார் அதிகாரி.

அவள் சாரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்வதற்கு முன்னால், "எனக்கு என் இடம் தெரியும்" என்று சொல்லிவிட்டு, விடுவிடுவென்று நடந்து மேஜைக் கால் பக்கத்தில் போய் நின்றாள். "குளிர் ரொம்ப இருந்தப்போ வெயில் இதுவரைக்கும் வந்துச்சு. நான்தான் கோடு போட்டேன். இதுக்கு மேல அது வரவே இல்ல."

அடுத்து ஒருவன் எழுந்து அவளுக்கு அரை அடி முன்னால் நின்றான். அப்புறம் யாரும் யாரையும் கேட்கவில்லை. பெஞ்சுகள் கர்ரென்று விலகின. முப்பத்திரண்டு பேரும் மேஜையிலிருந்து ஜன்னல் வரை தங்கள் தங்கள் இடத்தில் போய் நின்றார்கள். நடுவில் மட்டும் ஒரு தள்ளுமுள்ளு. இரண்டு பேர் ஒரே இடத்துக்குச் சண்டை போட்டார்கள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே இடமா?" என்றார் அதிகாரி. அவர் பேனா அந்தரத்தில் நின்றது.

"ஆமா சார். வெயில் உள்ள வர்றப்போ இது என் கோடு. திரும்பிப் போறப்போ இவன் கோடு."

"போக ஒரு டிரிப்பு, வர ஒரு டிரிப்பு சார்" என்றான் மற்றவன். பஸ் நிலையத்து வாசனை வீசியது.

"ஏன் குளிர்காலத்துல அது இவ்வளவு தூரம் உள்ள வருது?"

"அப்போ சூரியன் கீழ நிக்கும் சார். இப்போ தலைக்கு மேல நிக்குது, எட்டிப் பார்க்க முடியல" என்றாள் கேள்விக்குறி, ஏதோ அதிகாரிக்கு ரொம்ப நாள் சந்தேகம் போல.

நிதானம் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பழக்க தோஷம். "பத்தரை" என்றார் தன்னையறியாமல்.

அவ்வளவுதான். கேள்விக்குறி பையிலிருந்து ஒரு சிவப்பு மெழுகுக் கலரை எடுத்துக்கொண்டு ஜன்னலடிக்கு ஓடினாள். அங்கே நாலு விரல் அகலத்துக்கு வெயில் விழுந்திருந்தது. மண்டியிட்டு அதன் ஓரமாகக் கோடு போட்டுக்கொண்டே போனாள். பாதி வழியில் கறுப்பு ஷூ குறுக்கே வந்தது. அதிகாரியின் கால்.

நிதானம் சாரின் வாய் திறந்து மூடிக்கொண்டது. போன வருஷத்து ஞாபகம் அவருக்கு இருக்காதா?

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சார், காலை எடுங்க. வெயிலை மறைக்கிறீங்க."

அதிகாரி அவளைப் பார்த்தார், பிறகு நிதானம் சாரைப் பார்த்தார். காலை எடுத்தார். நாற்காலியையும் தூக்கித் தள்ளிப் போட்டுக்கொண்டார். கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை முழுசாகப் போய்ச் சேர்ந்தது. வகுப்பு கைதட்டியது. என் வகுப்பில் பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களும், எதற்கென்று தெரியாமலேயே சேர்ந்து தட்டினார்கள்.

அறிக்கை இரண்டு வாரத்தில் வந்தது. பிள்ளைகளுக்குத்தான் விடுமுறை, விடைத்தாள் திருத்த நாங்கள் பள்ளிக்கு வந்திருந்தோம். தலைமையாசிரியை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். நிரந்தரம் என்ற வார்த்தை வந்ததும் நான் அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. பயன்படுத்திய கற்பித்தல் கருவி என்ற இடத்தில் எல்லோருக்கும் படம் என்று எழுதுவார்கள். இவருக்கு 'தரை' என்று எழுதியிருந்தது. தலைமையாசிரியை அதை எழுத்துப்பிழை என்று நினைத்து இரண்டு தடவை வாசித்தார்.

எல்லோரும் போன பிறகு நான் அவரிடம் போனேன். "சார், என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க. அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அவர் வழக்கம்போல் கொஞ்ச நேரம் யோசித்தார். "கோபம் வந்துச்சு டீச்சர். நிஜமாவே வந்துச்சு. காலையில எட்டே முக்காலுக்கு வந்தது, பத்தரைக்குத்தான் போச்சு."

டைம் கீப்பர் பொய் சொல்ல மாட்டார். சிரித்துவிட்டேன்.

இப்போது புது வருஷம், புதுப் பிள்ளைகள். கேள்விக்குறி என் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஒரு கணக்குக்கு மூன்று ஏன் கேட்கிறாள். நான் இரண்டுக்காவது பதில் சொல்கிறேன். திங்கட்கிழமை பத்தரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சு இழுபடும் சத்தம் கேட்டதும் சாக்பீஸை வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறேன். கோடுகள் மேஜையை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன. ஏதாவது வேலையாக அந்த அறைக்குள் போனால், ஆயம்மாவைப் போல நானும் அவற்றை மிதிக்காமல் சுற்றித்தான் போகிறேன்.