அத்தைக்காக இருமிய வருடம்

மூன்றாம் வகுப்பு படித்த வருடம் எனக்குத் தீராத இருமல் என்று மத்திகிரியில் எங்கள் காம்பவுண்டு முழுக்க நம்பியது. உண்மையில் எனக்கு எந்த நோயும் இல்லை. நோய் அத்தைக்கு.

அத்தை அப்பாவின் தங்கை. லாரி ஓட்டிய மாமா இறந்தபின் எங்களோடு வந்து தங்கினாள். மாமா இறந்தது மஞ்சள் காமாலையில் என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள், சொன்னேன். மாதம் ஒருமுறை அத்தை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஓசூரில் தெரிந்த முகங்கள் அதிகம் என்பதால் கிருஷ்ணகிரி. தனியாகப் போனால் காரணம் கேட்பார்கள் என்பதால் நான். பஸ் ஸ்டாப்பில் யாராவது விசாரித்தால், "பாப்பாவுக்கு இருமலு, காட்டிட்டு வரலாம்னு" என்பாள். நான் இருமிக் காட்டுவேன். அன்று பள்ளிக்கூடம் கிடையாது, திரும்பும்போது தேங்காய் பன் உண்டு. அதைவிட நல்ல உத்தியோகம் எனக்குப் பிற்பாடும் அமையவில்லை.

ஒருமுறை மருந்து கொடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவில் சிவப்பு ரிப்பன் படமும் எய்ட்ஸ் என்ற எழுத்தும். மாமியாருக்குக் கண் காட்ட வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா எங்களைப் பார்த்து நின்றார். அவர் பார்வை கதவுக்குப் போய் என்னிடம் வந்தது.

"ஐயோ, பாப்பாவுக்கா? இத்தன நாளா இருமுறாளேன்னு பாத்தா, இதுதானா?"

வழக்கம்போல் இருமினேன். அத்தை என் வாயைப் பொத்தினாள். 

"அவளுக்கு ஒண்ணுமில்லம்மா. எனக்குத்தான். அவுரு போனதும் இதுலதான். பாப்பாவப் பத்தி மட்டும் எங்கியும் பேசிராத."

"எம் பசங்களும் உங்க கையால தின்னுருக்குதுங்களேக்கா" என்றார் அவர். சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு விலகி நடந்தார்.

எனக்குக் கோபம். நன்றாகத்தானே இருமினேன்? வரும் வழியெல்லாம் அத்தையோடு பேசவில்லை. 

அடுத்த மாதம் என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அத்தை தனியாகக் கிளம்பினாள். அழுது பார்த்தும் நடக்கவில்லை. பள்ளிக்கு எதிரில்தான் அடுத்த பஸ் ஸ்டாப். டவுன் பஸ் வந்து நின்றது, நல்ல கூட்டம். எங்கள் காம்பவுண்டுக்காரர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் இடித்து நின்றார்கள். ஜன்னலோரம் அத்தை. அவள் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருந்தது.

எனக்காகத்தான் பிடித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஓடி வா என்று எப்போது கையசைப்பாள் என்று, பஸ் கிளம்பும்வரை கேட்டைப் பிடித்தபடி காத்திருந்தேன்.