அக்காவின் ஸ்கேனும் என் மங்கல் வட்டமும்

என் ஆராய்ச்சி விளிம்பு தெரியாத வட்டங்களைப் பற்றியது. நடுப்புள்ளி முழுதாக வட்டத்தைச் சேர்ந்தது. வெளியே போகப் போக முக்கால், அரை, பதினாறில் ஒரு பங்கான வீசம் என்று அந்தச் சொந்தம் தேய்ந்துகொண்டே வரும். அப்படிப்பட்டதற்குச் சுற்றளவு என்ன? எங்கே கோடு போடுகிறோமோ, அதைப் பொறுத்து மாறும். வித்துராவைத் தாண்டி மலை ஏறும்போது மூடுபனி எந்த இடத்தில் தொடங்கியது என்று யாரால் சொல்ல முடியும்? ஸ்ரீவராகத்து வீட்டில், மழைப் பகல்களில் ஜன்னலோரம் படுத்து இதையே நினைத்துக்கொண்டு பாதி விழிப்பில் கிடப்பேன். அவ்வளவு சுகம்.

பிள்ளையுண்டாகி எங்களோடு வந்திருந்த அக்காவின் ஸ்கேன் அந்தச் சுகத்தைக் கெடுத்தது. குழந்தையின் தலைச் சுற்றளவு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு, சில நாள் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அக்கா படத்தை என் மடியில் போட்டாள்.

"இதானே உன் படிப்பு? சொல்லுடீ, குழந்தை நன்னா இருக்கா?"

சாம்பல் நிற மங்கலில் ஒரு வெள்ளை வளையம். பார்த்துக்கொண்டே இருந்தேன். தலை எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது? உள்விளிம்பில் அளந்தால் சின்னது, வெளிவிளிம்பில் அளந்தால் சரி. நான் ஒரு மண்டு. கேட்டது அக்கா என்பதையே மறந்து, கருத்தரங்கில் பேசுவதுபோல் பேசினேன்.

"முழுக்கச் சரியாவும் இல்லை, முழுக்கச் சின்னதாவும் இல்லைக்கா. நன்னா இருக்குங்கறது முக்காலே மூணு வீசம் நிஜம்."

"மிச்ச வீசம்?" என்றாள்.

அந்த ஒரு வீசத்தில் விழுந்துவிட்டாள். சோறு இறங்கவில்லை. வயிற்றில் கைவைத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஆபத்தின் கணக்கில்லை, வெறும் அளவின் மங்கல் என்று விளக்கப் போனேன். "போடீ அந்தண்டை" என்று திரும்பிக்கொண்டாள். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடினால் அந்த வளையம் மிதந்து வந்தது. பெரிதாகி, சிறிதாகி, எங்கும் நிற்காமல்.

மறு ஸ்கேனில் டாக்டர் திரையில் ஒரு நீள்வட்டத்தைப் பொருத்திப் பார்த்துவிட்டு மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். "நல்லோணம் வளர்ந்நிட்டுண்டு. பேடிக்கண்டா." நன்றாக வளர்ந்திருக்கிறதாம், பயமே வேண்டாமாம்.

திரும்பும் வழியில், தம்பானூர் நெரிசலில் ஆட்டோ நின்றபோது அக்கா அழுதாள். நானும் அழுதேன்.

"நன்னா இருக்குக்கா" என்றேன்.

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சா என்னடீ?"

"அன்னிக்கு எனக்குத் தெரியாதே."

"தெரியாட்டா என்ன? அப்பவும் சொல்லணும். அதுக்குத்தானே கூடப் பொறந்தவ."