குறை சொல்லி விற்ற வண்டி

எங்கள் டீசல் காருக்குப் பதினான்கு வயது முடிந்தபோது, அதற்கு நோய் எதுவும் இல்லை என்று உறுதியாக நம்பியவர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் என் கணவர். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறார். நான் அதே தொழிற்பேட்டையில் பெயிண்ட் கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அவருக்கு ஷிப்ட் மாறி மாறி வரும் என்பதால் கவரைப்பேட்டையிலிருந்து தினமும் காரை ஓட்டிக்கொண்டு போவது நான். ஞாயிற்றுக்கிழமை அதற்கு வைத்தியம் பார்ப்பது அவர்.

மழைக்காலத்தில் சாவியைத் திருப்பிவிட்டு ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு வண்டி இருமும். மூன்றாவது இருமலில் பின்பக்கம் ஒரு கரிய மேகம் எழும்பி, பக்கத்து வீட்டு அக்காவின் துணிக்கொடி பக்கமாக நகரும். அந்த அக்கா சண்டைக்கு வந்ததே இல்லை. கொடியை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை இரண்டடி தள்ளிக் கட்டினார். கடைசியில் அவர் வீட்டுப் பின்சுவர் வரைக்கும் போய்விட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஷிப்ட் நேரத்தில், சர்வீஸ் ரோட்டின் நட்டநடுவில் வண்டி நின்றுபோனது. பின்னால் ஷேர் ஆட்டோக்கள். அவற்றுக்குப் பின்னால் எங்கள் கம்பெனி பஸ். ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். என் ஆய்வகத்து மேனேஜரும் இறங்கினார். எல்லோரும் சேர்ந்து என் காரை டயர் கடை வாசல் வரை தள்ளினார்கள். நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். கண்ணாடியில் மேனேஜரின் முகம் சிவந்து வியர்த்துத் தெரிந்தது. அவர் கையெழுத்துக்காக என் லீவு விண்ணப்பம் ஒன்று அப்போது மேசையில் காத்திருந்தது.

அன்று மாலையே மின்சாரக் கார் வாங்குவது என்று முடிவு செய்தேன். கணவர் எதிர்த்துப் பேசவில்லை, கேள்வியாகக் கேட்டார்.

"கரண்டு போச்சுன்னா இன்னா பண்ணுவ?"

"பங்க்ல கூட கரண்டு இருந்தாதாங்க டீசல் ஊத்துவான்" என்றேன்.

கரண்டுப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் வீட்டில் ஒரு வண்டி நிற்கத்தான் இடம் இருந்தது. பழையதை விற்றால்தான் புதியது வர முடியும் என்பதை இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டார். விற்கிற பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வண்டி பார்க்க வந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறவர்; பேச்சில் பாதி தெலுங்கு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். என் கணவர் ஆரம்பித்தார். இரண்டாவது கியர் சில நாள் விழாது. பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். ஏ.சி. இடது பக்கத்து ஆளுக்கு மட்டும் வேலை செய்யும். மழை பெய்தால் வைப்பர் பாதியில் நின்றுவிடும். ரேடியேட்டர் ஒழுகுகிறது. இதற்கு ஒன்றுமில்லை என்று பதினான்கு வருஷமாக என்னிடம் சாதித்த மனிதர், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

பெரியவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நைனா, இத்தோட நாலு வண்டி பாத்துட்டேன். எல்லாரும் ஒரு கொறையும் இல்லன்னாங்க. உண்மைய சொன்னவன் நீ ஒருத்தன்தான். உன்ன நம்பி எட்த்துக்கறேன்."

என் கணவரின் முகம் வெளுத்தது. "ஆயிலு கூட நெறய குடிக்கும், சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

"குடிக்கட்டும் நைனா."

பேரம்கூடப் பேசாமல் அந்த வாரமே ஓட்டிக்கொண்டு போனார். தெருமுனையில் இரண்டாவது கியர் ஒழுங்காக விழுந்த சத்தம் கேட்டது. கணவர் என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

புதுக் காரைப் பெரியபாளையத்துக்கு ஓட்டிப் போய் பூஜை போட்டோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசாரி கற்பூரத் தட்டோடு முன்னால் நின்று, ஸ்டார்ட் பண்ணும்மா என்றார். பண்ணியாயிற்று என்றேன். அவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இன்னும் ஆகவில்லையே என்றார். நிரூபிப்பதற்காக ஆக்சிலரேட்டரில் காலை லேசாக வைத்தேன். நான்கு பழங்களும் ஒரே நேரத்தில் நசுங்கின. பூசாரி, கற்பூரம் அணையாமல், பூக்கடை வரை பின்பக்கமாகவே நடந்து போனார்.

அதன் பிறகு ஒரு வாரம் என் கணவர் அந்தக் காரில் ஏறவில்லை. தன் கம்பெனி பஸ்ஸிலேயே போய்வந்தார். கேட்டால், சத்தம் இல்லாத வண்டியை எப்படி நம்புவது, எதை வைத்து ஓட்டுவது என்பார். எனக்கும் வண்டி முழுசாகப் பிடிபடவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே தானாக வேகம் குறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் உடன் வருபவர்கள் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடினார்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது பொறுக்க முடியாமல் கேட்டேன். "நீங்க இருவது வருஷமா ஓட்றது இன்னா, டீசல் கிரேனா?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். உருக்காலையின் கூரையடியில், கொதிக்கிற இரும்பைத் தொங்கவிட்டபடி நகர்கிற அந்தக் கிரேன் முழுக்க முழுக்க மின்சாரத்தில்தான் ஓடுகிறது. ரசத்துக்கு வந்தபோது, சாவி எங்கே என்று கேட்டார்.

அன்று கவரைப்பேட்டை கடைத்தெரு வரை ஓட்டினார். பிரேக்கைத் தொடவே இல்லை. டீக்கடைக்கு நேர் எதிரில், ஒரு குலுக்கல் இல்லாமல், இறகு விழுவதுபோல வண்டி நின்றது.

"தொங்கற லோடு ஆடக்கூடாது, அவ்ளோதான்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ ஓட்னா ஆடுது" என்றார்.

லோடு நான்தான் என்பது புரியச் சற்று நேரம் ஆனது. அன்றிலிருந்து அவருக்குப் பகல் ஷிப்ட் வரும் வாரங்களில் கார் அவருடையது. நான் கம்பெனி பஸ்ஸில் மேனேஜருக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து போகிறேன்.

ஆரம்பாக்கத்துப் பெரியவர் இப்போதும் போன் செய்கிறார். பானெட்டைத் திறந்து போனை இன்ஜின் பக்கத்தில் பிடிப்பார். என் கணவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கோளாறு பெல்ட்டில் என்றோ டீசல் பீய்ச்சும் நாஸிலில் என்றோ சொல்வார். சரியாகவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை மின்சாரக் காரில் புறப்பட்டுப் போகிறார். சாயங்காலம் முழங்கைவரை கரியோடு, முகமெல்லாம் சிரிப்போடு திரும்பி வருகிறார். சீட்டில் செய்தித்தாளை விரித்துத்தான் உட்கார வேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.