கம்ப்யூட்டருக்குள் ஓடிய பஸ்

பஸ் ஓட்டிய காலத்தில் பயணிகள் அவருக்கு வைத்த பேர் 'நிதானம்'. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே கை ஓய்ந்துபோவான். இவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அந்த வண்டியின் கண்டக்டர்தான் பின்னாளில் அவர் மனைவி. கூட்டத்தின் கடைசியிலிருந்து அவள், "மில் கேட்டு, எறங்குறவங்க வாங்க" என்றால் தூங்குகிறவனும் எழுந்து பையைத் தேடுவான். அவள் ஒரு மணி அடித்தால் இவர் நிறுத்த வேண்டும், இரண்டு அடித்தால் கிளப்ப வேண்டும். காதல் வளர்ந்ததும் அந்த மணியில்தான். அந்த நெரிசலில் வேறு பேச்சுக்கு நேரம் ஏது?

தொண்டை ஆபரேஷனில் அவள் உயிர் பிழைத்தது, குரல் போயிற்று. இப்போது எல்லாம் சைகைதான். கோபம் வந்தால் கரண்டியால் மேசையைத் தட்டுவாள். சண்டையில் ஜெயிப்பது இன்றும் அவள்தான். அவருக்கோ அந்தக் குரலை ஒருமுறையாவது கேட்க வேண்டும் என்று ஏக்கம். அவள் அதைக் கேட்டால் நொறுங்கிவிடுவாளோ என்ற பயமும் கூடவே இருந்ததால் அவளிடம் சொல்லவில்லை.

குரல் ஒரே இடத்தில்தான் மிச்சமிருந்தது. முன்பு டிப்போவில் ஸ்டாப் பேர் சொல்லும் ஆப் ஒன்றைச் சோதனைக்குச் செய்தபோது பேசிக் கொடுத்தவள் அவள். அதை வைத்திருந்த போன் பேட்டரி உப்பிச் செத்துப்போனது. மெமரி கார்டில் ஆப் தப்பியது. புதுப் போனோ, இது பழைய ஆண்ட்ராய்டுக்கானது என்று கைவிரித்துவிட்டது.

லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய போனையே உருவாக்கி ஓட்டலாம் என்று எங்கோ படித்தவர் விடவில்லை. கம்ப்யூட்டர் கிளம்பும்போதே அதன் செட்டிங்கிற்குள் போய், ஒன்றுக்குள் இன்னொன்றை ஓடவிடும் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்தார். அதன்பிறகும் அனுமதி இல்லை என்றது. அதைப் பயன்படுத்த அனுமதி உள்ளவர்களின் 'கேவிஎம்' குழுவில் தன் பேரைச் சேர்த்த பிறகுதான் வழிவிட்டது. சொந்த வீட்டில் நுழைய டோக்கன் வாங்க வேண்டியதாயிற்றே என்று சிரித்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் திரையில் பழைய போன் கண் விழித்தது. பேட்டரி நூறு, இனி உப்பவும் வழியில்லை. ஆப்பை ஏற்றினார். அந்தப் போனுக்கு, அது எங்கே இருக்கிறது என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். பழைய ரூட்டை வரைபடத்தில் கொடுத்து ஓடவிட்டார். நீலப் புள்ளி விர்ரென்று போய்க் கடைசி ஸ்டாப்பைத் தொட்டது. குரல் வரவில்லை. மறுபடி ஓட்டினார். அப்போதும் மௌனம். எல்லாம் அழிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தபடியே மூன்றாம் முறை ஓடவிட்டார்.

பின்னால் அவள், கையில் கரண்டியோடு.

"ஒண்ணுமில்ல, சும்மா பாத்துட்டிருக்கேன்" என்றார்.

அவள் புள்ளியையே பார்த்தாள். அது தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி மில் கேட்டை நெருங்கியது. கரண்டி மேசையில் ஒரு தட்டு தட்டியது.

அவர் கால் மேசைக்கடியில் தானாக பிரேக்கைத் தேடியது. கை ஓட்டத்தை நிறுத்தியது. அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஆப் செய்தவனிடம் அவள் கறாராகச் சொல்லியிருந்தாள்: "வண்டி நிக்காம வாயத் தெறக்கக் கூடாது. முன்னாடியே கூப்பிட்டா ஜனங்க எழுந்து நின்னு விழுந்து வைக்கும்." ஆயுசெல்லாம் நிதானமாக ஓட்டியவர், இன்று ஒரு ஸ்டாப்பிலும் நிற்கவில்லை.

"மில் கேட்டு, எறங்குறவங்க வாங்க" என்றது போன்.

அவருக்குக் கண் நிறைந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. பின்னாலிருந்து இரண்டு தட்டு.

கிளப்பினார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பாலம். ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு, அவள் குரல், இரண்டு தட்டு. நாற்காலியை இழுத்து அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"கடைசி ஸ்டாப்பு. எல்லாரும் எறங்கிக்குங்க."

இருவரும் எழுந்திருக்கவில்லை. அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்தது. அவள் அவரைப் பார்த்தாள். கரண்டியால் மேசையில் இரண்டு முறை தட்டினாள்.

அவர் வண்டியைத் திருப்பினார்.