நடுவழியில் அரை மணித்தியாலம்

மலிவு ரிக்கற்றில் தனியாகப் பன்னிரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் குந்தியிருப்பதும் ஒரு உத்தியோகம்தான்; முழங்கால் தேயும், பதவி உயர்வு கிடையாது.

என் பதவியை முதலில் சொல்லிவிடுகிறேன். மெல்பேர்ணில், கிளென் வேவர்லியில், மகள் வானதி வீட்டில் நான் அம்மப்பா. சிட்னியில், கிரவீனில், மகன் ரமணன் வீட்டில் அப்பப்பா. பதவிப் பெயர் மாறும், வேலை மாறாது. பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடு, கூட்டி வா, சோறு குழைத்துத் தீத்து, பின்னேரம் நீச்சல் வகுப்பில் ஈரத் துவாயோடு காத்திரு. நான் ஒரு நகரத்தில் இந்த வேலையைச் செய்யும்போது மற்ற நகரத்தில் என் மனுசி பரமேஸ்வரி இதையே செய்கிறாள். தவணைக்குத் தவணை எங்களை மாற்றுவார்கள். பேரப்பிள்ளைகள் எங்கள் இருவரையும் சரிசமனாக அனுபவிக்க வேண்டுமாம்! எந்த வீடும் ஒரு திங்கட்கிழமைகூட ஆளில்லாமல் இருக்கக் கூடாது என்பதால் மாற்றம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும். நான் சிட்னி போகும் பஸ்ஸில், அவள் மெல்பேர்ண் வரும் பஸ்ஸில். அடுத்த தவணைக்கு மறுவளமாக.

நாற்பத்தேழு வருடம் ஒரே கூரைக்குக் கீழே சண்டை பிடித்தவர்கள், மூன்று வருடமாக இப்படி. டிசம்பரில் நத்தார் லீவில் இரண்டு குடும்பமும் ஒன்றுகூடும். அப்போது அவள் பேத்தியோடு படுப்பாள், நான் ஹோலில் சோபாவில்.

என்னைப்போல் ஷிப்ற் அடிக்கும் சக அம்மப்பாமாரே, அப்பப்பாமாரே, உங்களுக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை. நான் பெரிய புளுகன் என்று, மெல்பேர்ணில் பக்கத்து ஊரான ரோவிலில் இருக்கிற சிநேகிதர்கள் சொல்வார்கள். மெய்தான். ஆனால் கீழே வருவதில் எது புளுகு என்பதை நானே அந்தந்த இடத்தில் சொல்லிவிடுவேன்.

புல்வெளியில் நீர்மூழ்கி

பாதி வழியில் ஹோல்புரூக் என்று ஒரு சின்ன ஊர். கடல் அங்கேயிருந்து பல மணித்தியாலத் தூரம். ஆனால் ஊர் நடுவே, புல்வெளியில், ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கிறது. என் புளுகையெல்லாம் நம்பிய ரோவில் சிநேகிதர்கள் இந்த ஒரு உண்மையை மட்டும் நம்பவில்லை.

முதல் மாற்றத்தின்போது எங்கள் பஸ் சாப்பாட்டுக்காக அங்கே அரை மணித்தியாலம் நின்றது. தேத்தண்ணிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவி, பால் வேறாக வேண்டும், சீனி வேறாக வேண்டும் என்று கடைப் பெட்டையோடு வாதாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் என் முதுகு தன்பாட்டில் நிமிர்ந்தது. பரமேஸ்வரி! இரண்டு பஸ்ஸும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்கும் என்று எங்களுக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது.

நீர்மூழ்கிக்கு எதிரே ஒரு வாங்கிலில் இருந்தோம். ஆசையாக ஏதும் கதைப்பாள் என்று பார்த்தேன். அவள் வேலையை ஒப்படைத்தாள். ரமணனின் மகள் கத்தரிக்காய் தொடமாட்டாள், மசித்துப் பருப்போடு கலந்தால் தெரியாமல் விழுங்குவாள். நானும் வானதி வீட்டு விவரத்தை ஒப்பித்தேன். பெரியவனுக்குப் புதன்கிழமை பியானோ, சின்னவனுக்கு நீலப் போர்வை இல்லாமல் நித்திரை வராது. ஆஸ்பத்திரியில் தாதிமார் வேலை மாறும்போது கதைப்பார்களே, அப்படி. அவளுடைய சாரதி ஹோர்ன் அடித்தார். பஸ் படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"இஞ்சருங்கோ, குப்பைக்காரன் பச்சை பின் எடுக்கிறது வியாழக்கிழமை. மறந்துபோகாதேங்கோ."

கப்பல் கப்டன்

பக்கத்து ஆசனத்தில் இருப்பவர்களுக்கு உண்மை சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. நான் காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன். அதைக் கேட்க ஆருக்கு ஆசை? ஒருமுறை கம்பளி பின்னிக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்கு, நான் கப்பல் கப்டன் என்றும், ஒரு திமிங்கிலம் என் நங்கூரத்தைக் கவ்விக்கொண்டு போய்த் துறைமுக வாசலில் திருப்பித் தந்தது என்றும் சொன்னேன். பின்னல் நிற்கவில்லை. தலையாட்டி நம்பினாள்.

பிறகு மனைவி எங்கே என்று கேட்டாள். இவ்வளவு நாளும் சிட்னியில் என்றேன். அப்போ மனைவியிடம் போகிறீர்கள் என்று சந்தோஷப்பட்டாள். இல்லை, நான் சிட்னி போய்ச் சேரும்போது அவள் மெல்பேர்ணில் இருப்பாள் என்றேன். பின்னல் நின்றது. திமிங்கிலத்தை நம்பியவள் இதை மட்டும் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினாள். ஊசியை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"என்னையும் என் புருஷனையும் நீதிமன்றம் பிரித்தது. உங்களை யார் பிரித்தது?"

மூன்று கிலோ கறித்தூள்

அதற்குப் பிறகு ஹோல்புரூக் அரை மணித்தியாலத்துக்காகவே நான் தவணை முழுதும் நாள் எண்ணத் தொடங்கினேன். அதை நானே கெடுத்த கதை இது.

ரமணன் வீட்டில் தூள் முடிந்துவிட்டது, கடைத்தூள் அவனுக்கு ஒத்துவராது. மருமகள் வீட்டுக்குள் மிளகாய் வறுக்க விடமாட்டாள், புகைமணி அலறும். ஆகவே பரமேஸ்வரி ரெலிபோனில் சொல்லச் சொல்ல, வானதி வேலைக்குப் போன நேரம் பார்த்து, நான் கராஜில் அடுப்பு வைத்துச் செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்தேன். மூன்று கிலோ. பை மேல் பை போட்டுக் கட்டி, பஸ்ஸில் காலடியில் வைத்தேன். பஸ் ஹீற்றரின் சூடு சரியாக அந்த இடத்தில்தான் வரும் என்று நான் கண்டேனா? ஒரு மணித்தியாலத்தில் முன் வரிசை இருமியது. பிறகு நடு வரிசை. எங்கோ எரிகிறது என்று சாரதி பஸ்ஸை ஓரங்கட்டி எல்லாரையும் இறக்கினார். எஞ்சினைத் திறந்தார், ஒவ்வொரு சில்லாக மோந்து பார்த்தார். நானும் இறங்கி நின்று கவலையோடு மோந்து பார்த்தேன். கடைசியில் ஒரு சின்னப் பெண்பிள்ளை என் பையைக் கைகாட்டிவிட்டது.

ரோவிலில் நான் சொல்லும்போது இந்தக் கதையில் மூன்று தீயணைப்பு வண்டியும் ஒரு ஹெலிகொப்டரும் வரும். உண்மையில் ஒன்றும் வரவில்லை, அரை மணித்தியாலம் போனதுதான். ஹோல்புரூக்குக்கு நாங்கள் வரும்போது எதிர் பஸ் புறப்பட்டு அசைந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே சிவப்புத் தொப்பி. அவள் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. நான் தூள் பையைத் தூக்கிக் காட்டினேன். வேறென்ன காட்டுவது? பக்கத்தில் நின்று பார்த்த என் சாரதி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, அங்கே உங்கள் மனைவி நிற்கிறார் என்று முதலே சொல்லியிருந்தால், பஸ் எரிந்தாலும் நிறுத்தாமல் ஓட்டியிருப்பேனே."

கோயம்புத்தூர்க்காரர்

இன்னொரு முறை பக்கத்தில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் அகப்பட்டார். என் வயதுதான். தமிழ் கேட்ட சந்தோஷத்தில் புளுகை ஒதுக்கிவைத்து, என் பாடுகளை மூச்சுவிடாமல் சொன்னேன். பாவம் என்று ஒரு சொல் வாங்கத்தான். அவர் முறுக்கை நீட்டினார்.

"வீட்டுக்காரம்மா வரலையா?" என்று நான் கேட்டேன், அவருடைய தமிழிலேயே.

"அவங்க கோயம்புத்தூர்ல. நான் ஊருக்குப் போய் இறங்குனதும் அவங்க கிளம்பி வருவாங்க சார். ரெண்டு பேரும் சேந்து வந்தா விசா ஒரே நேரத்துல முடிஞ்சு போயிரும். தனித்தனியா வந்தா வருசம் பூரா வீட்ல ஆளு இருக்கும்ல? மாப்பிள்ளை போட்ட கணக்கு."

"அப்ப எங்கை சந்திக்கிறது?"

"போன தடவை மூணு நாளு கிடைச்சுது. துணி துவைக்கறதுலயும் பெட்டி கட்டறதுலயும் போயிருச்சு."

நான் பாதி முறுக்கைத் திருப்பிப் பொட்டலத்தில் வைத்தேன். ஹோல்புரூக்கில் பரமேஸ்வரி வாங்கிலில் இருந்து கைகாட்டியதை அவர் ஜன்னலால் பார்த்தார். நான் இறங்க எழும்பியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நீங்க குடுத்து வெச்சவர் சார். போங்க, போங்க, முப்பது நிமிஷம்தான் இருக்கு."

எதிர்ப் பஸ்

முப்பது நிமிடத்துக்குக் குடுத்து வைத்தவன்! அந்தச் சொல் ஒரு தவணை முழுதும் பல்லிடுக்கில் கிடந்தது. அடுத்த மாற்றத்துக்கு நான் சிட்னி ரிக்கற்றோடு இன்னொரு ரிக்கற்றும் எடுத்தேன். ஹோல்புரூக்கிலிருந்து மெல்பேர்ண், பரமேஸ்வரி வரும் பஸ்ஸில்.

அங்கே இறங்கினதும் என் பெட்டியை ஒரு பஸ்ஸின் வயிற்றிலிருந்து இழுத்து மற்ற பஸ்ஸின் வயிற்றில் தள்ளினேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"ரமணனும் மருமகளும் ஒரு கிழமை லீவு. என்னை உன்னோடை போகச் சொன்னவன்."

"எனக்கு அவன் சொல்லேல்லையே?"

"உனக்குச் சொல்லாமல் வைச்சிருக்கச் சொன்னவன்."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஆனால் பஸ்ஸில் ஏறியதும் பக்கத்து ஆசனத்திலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். வழியில் வங்கராட்டா என்ற ஊர் வரைக்கும் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய். அதற்குப் பிறகு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். புட்டும் முட்டைப் பொரியலும். ஒரு கரண்டி, மாறி மாறிச் சாப்பிட்டோம். பிறகு என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். கை விறைத்தது. நான் அசைக்கவில்லை.

ரெலிபோன் அடித்தது. நான் எங்கே போகிறேன் என்பதை ரமணன் தன் போனில் ஒரு நீலப் புள்ளியாகப் பார்ப்பான். "அப்பா, உங்கட புள்ளி மெல்பேர்ண் பக்கம் போகுது! பஸ் மாறி ஏறிட்டியளோ? நாளைக்கு ஆர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறது?" அவன் கத்திய கத்தலில் பரமேஸ்வரி எழும்பிவிட்டாள். போனை வாங்கிக் கடைசிவரை கேட்டாள். "ஓம், ஓம்" என்றாள். வைத்தாள். போனை என் சட்டைப் பையில் திருப்பிப் போட்டாள். நான் ஏச்சுக்குத் தயாரானேன்.

"இந்தப் பொய்யை நீங்கள் முதல் வருசமே சொல்லியிருக்கலாம்."

விசாரணை

அடுத்த நாள் பின்னேரம் விசாரணை நடந்தது. மேசையில் வானதி, கொம்பியூட்டர் திரையில் ரமணன். ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லம். நோயாளியோடு கதைக்கிற மாதிரி மெதுவாகக் கதைத்தார்கள். அப்பாவுக்கு வயது போய்விட்டது, தடுமாறி எதிர்ப் பஸ்ஸில் ஏறிவிட்டார் என்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள். ஞாபக சக்தி பார்க்க டொக்டரிடமும் நாள் எடுத்தாயிற்று.

"நான் தடுமாறேல்லை. தெரிஞ்சுதான் ஏறினனான்," என்றேன். "உங்கட அம்மாவோடை இருக்க வேணும்."

வானதி திரையைப் பார்த்தாள். "பாத்தியே தம்பி, சமாளிக்கிறார். டிக்கியிலை போட்ட பெட்டியை மறந்து போகாமல் எடுத்ததே பெரிய காரியம்."

அப்போதுதான் பரமேஸ்வரி வாய் திறந்தாள். குரல் உயரவில்லை. "அவர் மெய்தான் சொல்லுறார் பிள்ளை. எங்களை ஒரு வீட்டிலை விடுங்கோ. எந்த வீடெண்டாலும் பரவாயில்லை."

ரமணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். எனக்கு ஒரு நப்பாசை வந்தது. பிறகு அவன், "மற்ற வீட்டுக்கு ஆர் அம்மா?" என்றான். வானதி, "இஞ்சை அந்த அறையிலை ஒரு ஆள் கட்டில்தானே அம்மா," என்றாள். இரண்டும் உண்மை. பொய் என்றால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

புதன்கிழமை என்னைச் சிட்னிக்கு அனுப்புவதென்றும், இனிமேல் இரண்டு பேருக்கும் பஸ்ஸே வேண்டாம், விமானம்தான் என்றும் தீர்ப்பாயிற்று. விமானத்தில் எனக்குக் காது வெடிக்கும், இரத்தம் வரும், ஒருமுறை செவிடாகவே போனேன் என்றேன். வானதி என்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, பொடியன்களின் காது மாதிரி இருக்கிறது என்றார். திரும்பி வரும் வழியில் வானதி ஒரு கையால் கார் ஓட்டிக்கொண்டு மற்றக் கையால் என் கையைத் தடவினாள். பாசம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

"ஒரு மணித்தியாலம்தான் அப்பா, கண்ணை மூடித் திறக்கச் சிட்னி. மாறி ஏறுற பயமும் எங்களுக்கு இல்லை."

விமானம் சொகுசுதான், கால் வீங்காது, ஆளும் தொலையாது. ஒரேயொரு குறை, அது நடுவழியில் தேத்தண்ணிக்கு நிற்பதில்லை.