முப்பது எண்ணும் வரை

வினிகர் தொழிற்சாலையின் பரிசோதனை அறையில் இருபத்தாறு வருடமாக ஒரே ஸ்டூலைத் தேய்த்துக்கொண்டிருப்பவளுக்கு அங்கே ‘முப்பதக்கா’ என்று பெயர். வயதை வைத்து வந்த பெயர் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். ஒரு முப்பது எப்போதோ முடிந்து, இரண்டாவது முப்பதும் முடியப்போகிறது. அவள் எண்ணுவதுதான் முப்பது.

ஒவ்வொரு தொட்டி வினிகரிலும் புளிப்பு எவ்வளவு என்று அவள் சொல்ல வேண்டும். குடுவையில் கொஞ்சம் வினிகரை எடுத்து, நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டு, அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்குவாள். காரமென்றால் நாக்கில் சுர்ரென்று ஏறுகிற காரமில்லை. அமிலத்துக்கு எதிராளி, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர். அமிலம் மிச்சமிருக்கும்வரை குடுவை நிறமில்லாமல் கிடக்கும். அது தீர்ந்த மறு சொட்டில் இளஞ்சிவப்பு எட்டிப்பார்க்கும். எட்டிப்பார்த்ததுமே நம்பிவிடக் கூடாது. முப்பது எண்ணும்வரை நின்றால்தான் கணக்கு. நடுவில் வெளுத்துவிட்டால் இன்னொரு சொட்டு. அவசரக் குடுக்கைகள் ஒரு சொட்டுக்கு மூன்றாக விட்டு, அடர்ரோஜாவாக்கி, முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அவள் ஒருநாளும் ஒரு சொட்டு அதிகமாக விட்டதில்லை. உதடு அசைய எண்ணுவாள். அக்கா மந்திரம் போடுது என்று பாக்கிங் பெண்கள் ஜன்னல் வழியாகக் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள். பல நாள் அவளோடு மனுஷர்கள் பேசியது அவ்வளவுதான்.

வீடு இரண்டாவது மாடியில். கணவர் போய்ப் பதினோரு வருடம், பிள்ளை இல்லை. ஒரே ஒரு தங்கை, பஸ்ஸில் ஏழு மணி நேரத் தூரத்தில். அந்தத் தங்கை பேசி ஏழு வருடம் ஆகிறது. அக்காவுக்கு வேறு ஆசையே கிடையாது. தங்கை ஒரு தடவை, தானாக, ‘அக்கா’ என்று கூப்பிட வேண்டும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் தங்கை நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்திருந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டி அடைக்கும்போதெல்லாம் ஊற்றுவதற்கென்று அக்கா காஸ்டிக் சோடாவைக் கெட்டியாகக் கரைத்து, பழுப்பு பாட்டிலில் வைத்திருந்தாள். பெயரெழுதாமல் பாட்டில் வைப்பது அவள் ஜாதகத்திலேயே இல்லை. முத்து முத்தான எழுத்தில் ‘காரம்’ என்று ஒட்டிச் சமையலறை அலமாரியில் நிறுத்தியிருந்தாள். எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்களே, அதுதான். அந்தச் சொல்லுக்கு ஊர் உலகத்தில் இன்னொரு பொருள் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. சமைத்துக்கொண்டிருந்த தங்கை மிளகாய்ச் சாறு என்று நினைத்து, ருசி பார்க்க இடது உள்ளங்கையில் ஊற்றினாள்.

“தண்ணி மாதிரி இருக்கு, வழுவழுங்குது. என்னக்கா காரம் இது?”

காரம் அப்படித்தான். தோலைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே போகும், வலி பிறகுதான் வரும். அக்காவுக்குச் சட்டென்று புரிந்தது. தேவைக்கு அதிகமாகவே புரிந்தது, அதுதான் வினை. காரத்துக்கு மாற்று அமிலம், வினிகர் எங்கே? பகலெல்லாம் வினிகர் நெடியில் கிடப்பவள் வீட்டில் ஒரு சொட்டாவது வைத்திருப்பாளா? தங்கையை அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு அலமாரியைக் கவிழ்த்தாள், பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், கீழே கடைக்கு ஓடினாள். அக்கா சொன்னாளே என்று தங்கையும் கையை நீட்டியபடி நின்றாள். எட்டு நிமிடம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. தண்ணீர்க் குழாய் தங்கையின் முழங்கையை இடித்துக்கொண்டிருந்தது.

உடனே குழாயடியில் பிடித்திருந்தால் இவ்வளவு ஆழம் வெந்திருக்காது என்றார் டாக்டர். தங்கை தையற்காரி. துணியை நகர்த்தும் அந்தக் கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு நிமிரவில்லை. அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. கிளம்பும்போது ஒன்றுதான் சொன்னாள்.

“உனக்கு என் கை தெரியலக்கா. கணக்குதான் தெரிஞ்சுது.”

அதன்பிறகு அக்கா எத்தனையோ தடவை போன் செய்தாள். எடுப்பது தங்கையின் வீட்டுக்காரர். பகல் பதினோரு மணிக்கும் அவ தூங்கறா என்பார், பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷர். ஒரு கட்டத்தில் அவரைச் சங்கடப்படுத்துவது போதும் என்று அக்கா விட்டுவிட்டாள். குடுவையில் நிறம் நிற்கக் காத்திருக்கத் தெரிந்தவளுக்கு இந்தக் காத்திருப்பு பழகவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது.

“அக்கா.”

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அவர் கையில அடைப்பு எடுக்கிற மருந்து கொட்டிடுச்சு. வழுவழுங்குதாம். என்ன ஊத்தணும்?”

“தண்ணி. வேற எதையும் தேடாத. குழாயத் திறந்து கையக் கீழ பிடிக்கச் சொல்லு. இருபது நிமிஷம் எடுக்கவே கூடாது. அப்புறம் டாக்டர்கிட்ட போங்க.”

“நான் அவர் கையப் பிடிச்சிருக்கேன், மணி பார்க்க முடியாது. நீயே சொல்லு, எப்ப போதும்னு.”

போனை அங்கேயே எங்கோ வைத்தாள் போலும். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. இருபது நிமிடமென்றால் நாற்பது தடவை முப்பது. அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்து எண்ணத் தொடங்கினாள். அங்கே அவர் முனகுவதும், ஒண்ணுமில்லைங்க என்று தங்கை தேற்றுவதும் கேட்டன. ஏழு வருடமாகக் கேட்காத குரல். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எண்ணிக்கையை மட்டும் விடவில்லை.

இருபத்துமூன்றாவது முப்பதில் தங்கை கேட்டாள்: “இருக்கியாக்கா?”

“இருக்கேன்.”

நாற்பதாவது முப்பதும் முடிந்தது. போதும் என்று சொல்ல வேண்டும். சொன்னால் தங்கை போனை வைத்துவிடுவாள். அடுத்து எப்போதோ, யாருக்குத் தெரியும். அதிகத் தண்ணீரால் ஒரு கெடுதலும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

“ஆச்சாக்கா?”

“இன்னும் ஒரு முப்பது இருக்கு” என்று சொல்லி, ஒன்றிலிருந்து மெதுவாக ஆரம்பித்தாள்.