சதை பிடிக்காத உடம்பு

பதினாறு வயது முடிவதற்குள் என்னைப் பெண் பார்த்துவிட்டு மூன்று வீட்டார் திரும்பிப் போயிருந்தார்கள். நிறத்தையோ நடையையோ யாரும் குறை சொல்லவில்லை. "பொண்ணு நோஞ்சானா இருக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் அப்பாவின் தங்கை இருமி இருமி இளவயதிலேயே செத்துப்போனது தென்காசியில் எல்லோருக்கும் தெரியும். என் கழுத்தெலும்பைப் பார்த்தவர்கள் உடனே அந்த அத்தையை நினைத்துக்கொண்டார்கள். எங்களுடையது சயரோகக் குடும்பம் என்று பேச்சு கிளம்பிவிட்டது. எனக்கோ சாதாரண இருமல்கூட வந்ததில்லை. ஊர் வாய்க்கு அதெல்லாம் எதற்கு?

நாலாவது சம்பந்தம் வீரகேரளம்புதூரிலிருந்து வந்தது. அப்பா அம்மாவிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார்: "இதுவும் தட்டிப்போச்சுன்னா புளியறைக்காரருக்குச் சரின்னு சொல்லிருவேன். சின்னவளும் வளந்துட்டு வாராள்லா?" புளியறைக்காரர் மனைவியை இழந்தவர். நாற்பது தாண்டியவர். அவருடைய மூத்த மகளுக்கு என் வயது.

அன்றிலிருந்து என்னைத் தேற்றும் வேலை ஆரம்பமானது. காலையில் பல் தேய்த்ததும் பச்சை முட்டை, அதன்மேல் கால் ஆழாக்கு நல்லெண்ணெய். அது தொண்டையை விட்டு இறங்குவதற்குள் உளுந்தங்களி. நடுவில் குழி பறித்து எண்ணெய் ஊற்றி, கருப்பட்டியைத் தொட்டுக்கொண்டு முழு உருண்டையையும் தின்ன வேண்டும். பத்து மணிக்கு வெந்தயக்களி. மத்தியானம் நெய்ச்சோறு. அம்மா எதிரில் உட்கார்ந்து நான் விழுங்கும் ஒவ்வொரு வாயையும் பார்ப்பாள்.

"முழுங்குட்டி. வாயிலயே வச்சிருந்தா சதை போட்டிருமா?"

"பசிக்கலம்மா."

"பசிச்சுத் திங்கதுக்கா இது? கல்யாணத்துக்குல்லா திங்கிற!"

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மஞ்சள் நூலால் என் மேல்கையைச் சுற்றி அளப்பாள். முதல் வாரம் போட்ட முடிச்சு ஒன்பதாவது வாரத்திலும் அதே இடத்தில்தான் நின்றது. எப்படி நகரும்? அடுப்பைக் கவனிக்க அவள் எழுந்துபோனதும் பாதிக் களியை முந்தானையில் ஒளித்துக்கொண்டுபோய் எருமைத் தொட்டியில் போட்டுவிடுவேன். மீதிப் பாதி தொழுவத்துக்குப் பின்னால் தானாகவே வெளியே வந்துவிடும். எங்கள் வீட்டில் அந்த வருஷம் எருமைதான் நன்றாகத் தேறியது. நூலைப் பிடித்தபடி அம்மா என்னைப் பார்க்கும் பார்வையில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருக்கும். என் உடம்பு என்னுடையது என்ற எண்ணமே எனக்கு விட்டுப்போயிற்று. அது அம்மா பார்த்துக்கொண்டிருந்த ஒரு வேலை. அந்த வேலையைக் கெடுப்பவள் நான்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அதிகாலையிலேயே அம்மா தன் பழைய நூல் சேலை ஒன்றை நீளவாக்கில் மடித்து என் மார்பிலும் இடுப்பிலும் இறுக்கிச் சுற்றினாள். அதன்மேல் பட்டு. முழங்கைக்குக் கீழே வரும் ரவிக்கை. கழுத்தெலும்பை மறைக்க இரவல் காசுமாலை. கண்ணாடியில் பார்த்தேன். யாரோ ஒரு பெண் நன்றாகத்தான் இருந்தாள்.

குத்துவிளக்கை ஏற்றி, வெற்றிலைத் தட்டை வைத்து, விழுந்து கும்பிட்டேன். மூச்சு முட்டியது. மாப்பிள்ளையின் பாதங்களை மட்டும் பார்த்தேன். அவருடைய அம்மா வாட்டசாட்டமான பெண்மணி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கா! சனங்க என்னெல்லாமோ சொல்லுதாவ" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவின் பெருமூச்சு எனக்குக் கேட்டது.

காப்பி குடித்த டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே அந்த அம்மாள் சொன்னார்: "சாரல் நல்லா விழுது. குத்தாலத்துக்கு இவ்வளவு பக்கத்துல வந்துட்டு அருவியில தலைய நனைக்காமப் போகலாமா? ஆம்பளைய பேசிக்கிட்டு இருக்கட்டும். மைனி, நீங்களும் பிள்ளையும் வாங்க, ஒரு முழுக்குப் போட்டுட்டு வருவோம்."

அடுக்களைக்குள் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். வீட்டு விலக்கு என்று சொல்லிவிடலாமா என்று முதலில் முணுமுணுத்தாள். சொன்ன வாயை அவளே பொத்திக்கொண்டாள். இப்போதுதான் விளக்கேற்றி, தட்டெடுத்து, அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டு வந்திருக்கிறேன். விலக்கான பெண் அதைச் செய்தாள் என்றால் அந்த நிமிஷமே எழுந்து போய்விடுவார்கள்.

"சளி பிடிச்சிருக்குன்னு சொல்லும்மா" என்றேன்.

பளீரென்று என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "அதத்தானட்டி ஊரே சொல்லுது!"

வேறு வழியில்லை. பட்டை அவிழ்த்துவிட்டு மேலே ஒரு சாதாரணச் சேலையைக் கட்டிவிட்டாள். உள்ளே சுற்றியிருந்த சேலையை இன்னும் இறுக்கி நுனியைச் செருகினாள். "தண்ணிக்குள்ள சட்டுனு போயிட்டு சட்டுனு வந்திரு. குனியாத. ஆரும் தொட விட்டுராத" என்று என் காதில் சொன்னாள். எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

குற்றாலத்துக்கு மூன்று மைல். வில்வண்டியில் அந்த அம்மாள் எனக்கு எதிரில் உட்கார்ந்து, போகிற வழியெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே பேசினார். பிரியத்தால் பிடித்திருக்கிறாரா, அளந்து பார்க்கிறாரா என்று தெரியவில்லை. கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை. சாரல் வண்டிக்குள் அடித்தது. அம்மா வெளியே பார்த்தபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். சாமியைக் கூப்பிட்டிருப்பாள்.

பேரருவி அன்று முழுவீச்சில் விழுந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. பெண்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். மார்புக்குக் குறுக்கே சேலையைக் கட்டிக்கொண்டு ஆளாளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நேராகத் தண்ணீருக்குள் ஓடிவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். தோளில் ஒரு கை விழுந்தது.

"எங்கட்டி ஓடுற? வெள்ளிக்கிழமையும் அதுவுமா எண்ணெ தேய்க்காமலா? இப்படி உக்காரு. நான் தேய்ச்சு விடுதேன்."

அவருடைய துணி மூட்டையிலிருந்து ஒரு குப்பி வெளியே வந்தது. மிளகும் சீரகமும் போட்டு வீட்டிலேயே காய்ச்சிய எண்ணெய். பெண் பார்க்கக் கிளம்புகிறவள் எண்ணெய் காய்ச்சி எடுத்துக்கொண்டு வருவாளா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் குளியல் காப்பி குடிக்கும்போது தோன்றிய யோசனை இல்லை. ஊர்ப்பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

பாறையில் உட்கார்ந்தேன். உச்சந்தலையில் எண்ணெய் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தார். கழுத்துக்கு வந்தார். "ரவிக்கையக் கழத்து" என்றார். கழற்றினேன். கைகளை உருவிவிட்டார். முதுகுப் பக்கம் சேலையைத் தளர்த்தி உள்ளே விட்ட விரல்கள் சட்டென்று நின்றன. துணியின்மேல் ஒருமுறை தடவின. இன்னொரு முறை தடவின.

அம்மா நாலடி தள்ளி நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. புளியறைக்காரரின் வீடு, அவருடைய மூன்று பிள்ளைகள், என் வயதுப் பெண் என்னைச் சித்தி என்று கூப்பிடுவது எல்லாம் என் கண்முன்னால் வந்து நின்றன.

வெள்ளம் தலைக்குமேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன? எழுந்து நின்றேன். செருகியிருந்த நுனியை நானே பிடித்து இழுத்தேன். எண்ணெய்க் கையோடு சுற்றுச் சுற்றாக உருவ உருவ அது வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் குளித்தவர்கள் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தேவிட்டாள். முழுச் சேலையும் காலடியில் குவிந்தபோது, ஒற்றைத் துணி உடம்போடு ஒட்ட, விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிய அவர் முன்னால் நின்றேன்.

"இவ்வளவுதான் நான்" என்றேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் என்னைத் திருப்பி நிறுத்தினார். முதுகில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார்.

"இருமு."

இருமினேன்.

"நல்லா இருமுட்டி."

அத்தனை பேர் பார்க்க இருமினேன். பிறகு குனிந்து என் முதுகில் காதை வைத்தார். அருவி இரைச்சலில் என்ன கேட்டிருக்கும்? ஆனாலும் வெகுநேரம் வைத்திருந்தார். ஒரு மாட்டைச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது எனக்கு. ஆனால் அந்த மாடு விலைபோக வேண்டுமே என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "சீக்கு ஒண்ணும் இல்ல மைனி. வெறும் ஒல்லிதான். இதுக்கா இந்தச் சேலையச் சுத்திக்கிட்டு அலைஞ்சிய? எம் மூத்த மருமவ ஒருத்தியா உக்காந்து ஒரு படி அரிசிச் சோறு திம்பா. கொஞ்சமாத் திங்கிற பிள்ள கெடைச்சா வேண்டாம்னா சொல்லுவேன்?"

அம்மா ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் சிரித்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அந்த நிமிஷம் எனக்கு அப்படியொரு சந்தோஷம். என் எலும்பை முதல்முதலாக ஒருத்தர் பாராட்டியிருக்கிறார். அவர் பாராட்டியது எதை என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. வீரகேரளம்புதூரில் மூன்றாம் நாள், காலையிலிருந்து வேலை. உறவுக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தண்ணீர் இறைத்தேன், தேங்காய் துருவினேன், எத்தனையோ இலை எடுத்தேன். ஆண்கள் சாப்பிட்டு, விருந்தாளிகள் சாப்பிட்டு, வீட்டுப் பெண்கள் உட்காரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. என் வயிற்றுக்குள் ஏதோ பிறாண்டியது. அது பசி என்று புரியவே எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. அம்மா வீட்டில் பசி வருவதற்கு முன்னாலேயே களி வந்துவிடும். இதுதான் பசியா? சோற்றின் வாசனைக்கே கண்ணில் நீர் வந்தது.

ஓரகத்திதான் பரிமாறினாள். மாமியார் சொன்ன அந்த மூத்த மருமகள். நல்ல உடல்வாகு, குனிந்த தலை. முதலில் வைத்த சோறு எப்படிப் போனதென்றே எனக்குத் தெரியவில்லை. அவள் அதைக் கவனித்திருக்கிறாள். மறுசோறு அள்ளிக்கொண்டு என் இலைக்கு நேராக வந்தாள்.

தூணோரம் உட்கார்ந்திருந்த மாமியார் வந்திருந்த பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சின்னவ குருவி கணக்காத்தான் கொறிப்பா. அப்படி ஒரு பிள்ளய நானே பாத்துல்லா எடுத்திருக்கேன்!" பிறகு குரலை உயர்த்தினார். "ஏட்டி பெரியவளே, அவளப் பாத்தாவது கத்துக்கோ."

எல்லோரும் என் இலையைப் பார்த்தார்கள். ஓரகத்தியின் கையில் கரண்டி நிறையச் சோறு ஆவி பறந்தது.

நான் இலைமேல் கையைக் குறுக்கே வைத்தேன். "போதும்க்கா."

அவள் என் கையையே ஒரு கணம் பார்த்தாள். கரண்டியைத் திரும்பப் பானையில் கவிழ்த்தாள். பிறகு எனக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்து, நான் தின்ற அளவுக்கு மட்டும் சோறு வைத்துக்கொண்டு, பானையை மூடினாள்.